ஜரிகை இழுத்த கோடுகள்

1. மஞ்சள் புள்ளிகள்

"மாஸ்டர், நீங்க போட்டது கோட்டிங்கா, இல்ல மஞ்சத் தண்ணியா?"

பட்டறை வாசலில் காரை நிறுத்திய ஜெசிந்தா அம்மையார் கதவைச் சாத்துவதற்கு முன்பே இப்படிக் கேட்டார். அவர் கள்ளக்குறிச்சியில் துணிக்கடை நடத்துபவர். கடைசி அடுக்கில் நிற்கும் பணியாளருக்கும் கேட்கும்படி பேசிப் பழகிய குரல் அவருடையது. அன்று அது பட்டறையைக் கடந்து சாலை வரை சென்றது. தங்கள் வண்டிகளுக்காகக் காத்திருந்தவர்கள் கைப்பேசியிலிருந்து தலை நிமிர்ந்தனர்.

அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. கருநீல நிறத்து ஜெர்மன் கார் அது. அதற்குச் செராமிக் கோட்டிங் போட்டு ஒப்படைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒப்படைத்த அன்று, எதிர் மாடியில் உலர்ந்த புடவையின் கரையைப் பானெட்டில் பார்த்தே சொல்ல முடிந்தது. இப்போதோ பானெட், கூரை, டிக்கி மூடி என வானம் பார்த்த பரப்பெங்கும் கடுகளவு மஞ்சள் புள்ளிகள். சில புள்ளிகளுக்குச் சிறிய வாலும் இருந்தது.

என்னோடு நெடுங்காலமாகப் பாலிஷ் எந்திரம் பிடிக்கும் பாத்திமா என் அருகில் வந்து, "இன்னா மாஸ்டர், யாராவது சாம்பார் தாளிச்சிட்டாங்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். நான் சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலையில் இல்லை.

இத்தொழிலுக்குப் புதிதாக வரும் இளையோருக்காக இதை எழுதுகிறேன் என்பதால், தொழிலைப் பற்றிச் சில சொற்கள். நான் தமிழ் படித்துப் பட்டம் பெற்றவன். ஆசிரியர் பணி கிடைக்கும்வரை என்று சென்னையில் கார்களுக்கு வண்ணம் அடிக்கும் ஒரு பெயின்ட் பூத்தில் சேர்ந்தேன். காத்திருப்பு முடிவதற்குள் கை பழகிவிட்டது. மனமும் அதன்வழிச் சென்றது. பின்னர் ஊர்ப்பக்கம் திரும்பித் தியாகதுருகம் சாலையில் இப்பட்டறையைத் தொடங்கினேன். இங்கே நடப்பது வாட்டர் வாஷ் அன்று, டீடெய்லிங். காரின் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமற்ற ஒரு படலம் உண்டு. எழுதும் தாளைவிட மெலிந்தது. காருக்கு அழகு என்று நாம் காண்பதெல்லாம் அந்தப் படலத்தின் சமநிலைதான். அதில் கீறல் விழுந்தால், கீறலின் அடியாழம் வரை சுற்றியுள்ள பரப்பையும் காம்பவுண்ட் என்னும் மெருகுப் பசை இட்டுத் தேய்த்துச் சமன் செய்கிறோம். அதாவது, ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் அந்தப் படலத்தில் சிறிது குறைகிறது. குறைந்தது திரும்ப வளராது. ஆகவேதான் எந்திரத்தைத் தொடுவதற்கு முன் கேஜ் வைத்துப் படலத்தின் கனத்தை அளக்கிறோம். பாலிஷ் முடிந்தபின், அது மீண்டும் கெடாதிருக்கச் செராமிக் பூசுகிறோம்.

கருநீலமும் கறுப்பும் எதையும் மறைக்காத நிறங்கள். வெள்ளைக் காரில் ஓராண்டு பதுங்கியிருக்கும் கீறல் கருநீலக் காரில் ஒரே நாளில் வெளிப்பட்டுவிடும்.

2. ஈரத்துணி சொன்ன செய்தி

வாடிக்கையாளர் கோபமாக இருக்கும்போது வாயால் விடை சொல்லக் கூடாது என்பது நான் பழகிக்கொண்ட வழக்கம். மைக்ரோஃபைபர் துணி ஒன்றை நனைத்து, மூன்று நான்கு புள்ளிகளை மூடுமாறு பானெட்டின் மேல் விரித்துவிட்டுப் பேசாமல் நின்றேன்.

"இன்னா சார், காருக்குக் காய்ச்சலா? பத்து போடுறீங்க?" என்றார் அம்மையார்.

"கொஞ்சம் ஊறட்டுங்க மேடம்."

ஊறியபின் துணியை எடுத்தேன். புள்ளிகள் துணியோடு வந்துவிட்டன. அவை இருந்த இடத்தில் எங்கள் கோட்டிங் ஒரு குறையுமின்றிப் பளபளத்தது. துணியில் ஒட்டிய மஞ்சளை உருப்பெருக்கியில் பார்த்தேன். மாவு போன்ற பொடி, மகரந்தம்.

"மேடம், கோட்டிங் உரியலீங்க. இது தேன்பூச்சியோட எச்சம்."

"தேன்பூச்சி தேன்தான போடும்?"

"தின்னா போட்டுதானமா ஆவணும்?" என்றார் பாத்திமா.

காத்திருந்தவர்கள் சிரித்தனர். அம்மையார் சிரிக்கவில்லை. அவருக்கு விடை கிடைத்துவிட்டது.

"அப்ப வள்ளியோட பொட்டிதான்" என்று சொல்லிக் கைப்பேசியை எடுத்தார்.

வெள்ளிமலையில் அவருக்கு ஒரு வீடு உண்டு. வாரத்தில் பல நாள் அங்கே சென்று தங்குவார்; அன்று முற்பகல் வரை கார் அங்கேதான் வெயிலில் நின்றது. வீட்டைக் காப்பவர் அண்ணாமலை. அவருடைய மனைவி வள்ளி வேலியோரமாகத் தேனீப் பெட்டிகள் வைத்து வளர்க்கிறார். நிலம் அம்மையாருடையது, பெட்டிகள் அங்கே இருப்பது அவருடைய இசைவால். இவற்றையெல்லாம் எண்ணை அழுத்திக்கொண்டே அவர் சொன்னார். "இன்னிக்கே எல்லாத்தையும் தூக்கச் சொல்றேன். இவ்ளோ பெரிய மலையில அதுங்களுக்கு வேற எடமா இல்ல?"

என் கோட்டிங் தப்பியது. ஆனால் அதைத் தப்புவித்த அதே சொல், நான் முகம்கூடப் பார்த்திராத ஒரு பெண்ணின் பெட்டிகளின் மேல் விழவிருந்தது. எனக்கு அது உவப்பாக இல்லை. அந்தத் தவிப்பில், கை சும்மா இராமல் சோதனை விளக்கை எடுத்துப் பானெட்டின் மேல் சாய்த்தேன். அப்போதுதான் கோடுகளைப் பார்த்தேன்.

சாதாரணமாகத் துடைப்பதால் விழும் கீறல்கள் விளக்கொளியில் சிலந்தி வலைபோல வட்டமாகத் தெரியும். தேங்காய் நாரால் தேய்த்தால் கீறல் ஆழமாகவும் கோணலாகவும் இருக்கும். இவை அப்படி இல்லை. இரண்டு விரல் அகலத்துக்கு நெருக்கமான மெல்லிய நேர்கோடுகள். பிறகு சிறிது இடைவெளி. மீண்டும் அதே அகலத்தில் அதே கோடுகள். முன்கண்ணாடியிலிருந்து மூக்குவரை, யாரோ வண்டிக்குத் தலை வாரிவிட்டதைப் போல இருந்தன. அவை எச்சத்தின் வேலை அல்ல. இத்தனை ஆண்டுகளில் நான் அப்படிப்பட்ட கீறலைப் பார்த்ததில்லை.

"மேடம், போன வைங்க. இந்தக் கோடு பூச்சி போட்டது இல்ல. வண்டிய யாரு தொடைக்கிறாங்க?"

"அண்ணாமலைதான். பூ மாதிரி தொடைப்பான்."

"எதால?"

"துணியாலதான். வேற எதால தொடைப்பாங்க?"

"ஞாயித்துக்கிழம நானே மேல வந்து பாக்கறேங்க. அதுவரைக்கும் அவங்ககிட்ட எதுவும் சொல்ல வேணாம்."

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். துணி வாங்க வந்தவர் உண்மையாகவே வாங்குவாரா என்று எடைபோடும் பார்வை அது.

"ஞாயிறு மத்தியானம் வரைக்கும்தான் மாஸ்டர். நீங்க வேற காரணம் காட்டலன்னா அந்தப் பொட்டிங்க அங்க இருக்காது."

3. களத்து மேட்டில்

ஞாயிறு காலை முதல் பேருந்தில் நானும் பாத்திமாவும் மலையேறினோம். முந்தைய நாள் முழுவதும் மழை. அன்று வெயில் தெளிந்திருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் ஈரப்பாறைகள் பாலிஷ் போட்டவைபோல மின்னின. பாத்திமா மடியில் வைத்திருந்த கருவிப் பையைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். "வளைவு முடிஞ்சா சொல்லுங்க மாஸ்டர்" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் சென்றபோது ஜெசிந்தா அம்மையார் ஆலயத்துக்குப் போயிருந்தார். வீட்டுக்கு முன்னால் கற்கள் பாவிய பழைய களம். முற்காலத்தில் சாமை அடித்த இடம். கூட்டிப் பெருக்கித் தூய்மையாக வைத்திருந்த அக்களத்தின் நட்டநடுவில் கார் கிழக்கு நோக்கி நின்றது. அதனருகில் ஒரு மனிதர், சாமி சிலைக்குச் செய்வதைப் போல உடல் வளைத்துப் பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் நிமிர்ந்து, கையிலிருந்த துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

கார் வேலை செய்த பட்டறைக்காரர்கள் என்று சொன்னேன். அண்ணாமலையின் முகம் மலர்ந்தது. "நீங்கதானா அது? இன்னா சார் மாயம் பண்ணீங்க? காரா அது, கண்ணாடி!"

"அண்ணே," என்றார் பாத்திமா, "முதுகுக்குப் பின்னால மின்னுதே, அது இன்னா?"

"துணிங்க."

"இன்னா துணி?"

"நல்ல துணிங்க."

"காட்டுங்க, பாப்போம்."

தயங்கித் தயங்கி அவர் அதை முன்னே கொண்டுவந்தார். பட்டு வேட்டி. கட்டிய அடையாளம் இல்லை. ஆனால் ஒரு முனை அழுக்கேறியிருந்தது. அதன் கரையில் இரண்டு விரல் அகலத்துக்கு நெருக்கமாக நெய்த ஜரிகை.

பாத்திமா என்னைப் பார்த்தார். நான் பானெட்டைப் பார்த்தேன்.

"அம்மா கிறிஸ்துமசுக்கு குடுத்துச்சிங்க" என்றார் அண்ணாமலை. "இத்த கட்டிகினு நான் எங்க போவேன்? கொல்லைக்குப் போனா மாடு மெரளும். இம்மாம் பெரிய கார பழைய துணியில தொடைச்சா அதுக்கு மரியாதையா? அதான், இருக்கறதுலயே ஒசத்தியா எடுத்தேன்."

ஜரிகை என்பது உலோகம் சுற்றிய நூல். பட்டு எவ்வளவு மென்மையானதாக இருந்தாலும், மடித்துப் பிடிக்கும்போது கரைதான் முன்னே வரும். மலைக்காற்று கொண்டுவந்து படியவைக்கும் மண்துகள் அதற்கும் வண்டிக்கும் இடையில் சிக்கும். இழுத்த இழுப்பெல்லாம் கோடு.

"தண்ணி ஊத்திதான தொடைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"சே சே! புதுப் பளபளப்பு மேல பச்சத் தண்ணி ஊத்துவாங்களா? வறட்டுத் துணிதாங்க."

"தெனமுமா?"

அவர் வேலியோரத்தைத் திரும்பிப் பார்த்தார். அங்கே கட்டைக்கால்களின் மேல் தேனீப் பெட்டிகள் வரிசையாக நின்றன. அவற்றின் வாசல்கள் எல்லாம் களத்தை நோக்கியே இருந்தன. களத்துக்கு அப்பால் சரிவில் கடுக்காய் மரங்கள். பெட்டியிலிருந்து புறப்பட்ட தேனீக்கள் வெயிலில் பொன்னிழைபோலக் காருக்கு மேலாகப் பறந்து சென்றன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூரையில் ஒரு மஞ்சள் சொட்டு விழுந்தது.

"மொதல்ல காரு அந்தப் பலாமரத்தடியில நிக்கும் சார். நீங்க மெருகு போட்டு அனுப்பின பின்னால, இது மரத்தடியில நிக்கற காரு இல்லமான்னு நான்தான் களத்த கூட்டி, கெழக்கப் பாத்து நிறுத்தச் சொன்னேன். அம்மாவுக்கும் சந்தோசம். மறுநாளு பாத்தா மஞ்ச மஞ்சயா இருக்குது. பூச்சிதான்னு எனக்குத் தெரியும். அம்மா பாத்தா பொட்டிய எடுக்கச் சொல்லுமே. அதான், அவங்க கண்ணு முழிக்கறதுக்குள்ள தேச்சி எடுத்துடுவேன்."

"இன்னாய்யா சொல்ற?"

குரல் வந்த திசையில் வள்ளி நின்றிருந்தார். கையில் புகை போடும் தகரக் குவளை. "எம் பூச்சிங்க மேல பழி வரக்கூடாதுன்னு நீ கார சொரண்டிகினு இருந்தியா? அந்த வேட்டிய பொட்டியில மடிச்சி வெச்சேன்னு சொன்ன?"

"மடிச்சிதான் தொடைச்சேன்" என்றார் அண்ணாமலை.

பாத்திமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

நான் வள்ளியிடம் நடந்ததைச் சொன்னேன்; மத்தியானம் வரைதான் தவணை என்பதையும் சொன்னேன். அவர் குவளையைக் கீழே வைத்தார். "மழ பேஞ்சா அதுங்க உள்ளயே அடக்கிகினு கெடக்கும் சார். வெயில கண்டா எல்லாம் ஒண்ணா வெளிக்கிப் போவும். மனுசனாட்டம்தான். அதுங்கள இன்னான்னு திட்டறது? இந்தப் பொட்டிங்கள நம்பித்தான் எம் பொண்ணு சின்னசேலத்துல நர்சு படிக்குது."

அண்ணாமலை என் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "சார், பூச்சிதான் கெடுத்திச்சின்னே சொல்லிடுங்க. வேட்டி கதைய மட்டும் சொல்லிடாதீங்க. அம்மா குடுத்தத வெச்சி அம்மா காரயே கீறிட்டேன்னா, எந்த மூஞ்ச வெச்சிகினு நிப்பேன்?"

"அப்ப பொட்டி?" என்றார் வள்ளி.

அண்ணாமலை வேட்டியை மடித்தார். வள்ளியின் முகத்தைப் பார்க்கவில்லை.

என் தொழிலில் கறையின் காரணத்தைக் கண்டறிவதைப் பெருமையாக நினைத்திருந்தேன். பட்டறையில் காரணம் சொன்னேன். பழி என்னிடமிருந்து தேனீக்கு நகர்ந்தது. இப்போது முழுக் காரணமும் தெரிந்தது. அதைச் சொன்னால் பழி தேனீயிடமிருந்து இந்த மனிதருக்கு நகரும். சொல்லாவிட்டால் பெட்டிகள் போகும். உண்மையைச் சொல்லாமல் இருக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அதை எந்த வரிசையில், எந்தச் சொல்லால் சொல்வது என்பது என் கையில் இருந்தது. சரிவுப் பாதையில் ஜெசிந்தா அம்மையார் வெள்ளைப் புடவையில் வேதப் புத்தகத்துடன் ஏறி வந்துகொண்டிருந்தார்.

4. வேட்டியின் சாட்சியம்

"சொல்லுங்க மாஸ்டர். பொட்டியா, வேற ஏதாவதா?"

கூரையில் புதிதாக விழுந்திருந்த சொட்டுகளின் மேல் ஈரத்துணியை விரித்து, ஊறவைத்து, எடுத்துக் காட்டினேன். "பாத்தீங்களா மேடம்? கோட்டிங் இருக்கறதால ஒட்டவே இல்ல. காய்ஞ்சு ரொம்ப நாள் கெடந்தாத்தான் கெடுதி. பூச்சியால வண்டிக்கு ஒண்ணும் ஆகல. எச்சத்த வறட்டுத் துணியில தேச்சதுதான் கோடு."

"தேச்சது யாரு?"

நான் அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் வள்ளி கணவரின் கையிலிருந்த வேட்டியைப் பறித்துக்கொண்டு வந்து காரின் மேல் விரிக்கப் போனார்.

"ஐயோ, வண்டி மேல வெக்காதீங்க!" என்று பாத்திமா பாய்ந்து தடுத்தார்.

வேட்டி அம்மையாரின் கைக்குச் சென்றது. அவர் வேதப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கடையில் செய்வதைப் போலக் கரையை விரலால் நெருடினார், புரட்டினார், வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது நம்ம கடை வேட்டி."

"ஆமாம்மா" என்றார் அண்ணாமலை தரையைப் பார்த்து. "கிறிஸ்துமசுக்கு நீங்க குடுத்தது. எனக்கு எதுக்கு பட்டு? காருக்கு ஆவட்டும்னு வெச்சேன். மஞ்சளு தெரியக்கூடாதுன்னு தெனம் தேச்சேன். பூச்சிங்கள ஒண்ணும் சொல்லாதீங்கமா. கை என்னுது."

ஜெசிந்தா அம்மையார் பானெட்டின் அருகில் சென்று குனிந்தார். வெயிலில் கோடுகள் இப்போது விளக்கில்லாமலே தெரிந்தன. வேட்டியின் கரையை, தொடாமல், கோடுகளுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அகலம் இம்மியும் பிசகவில்லை.

"எத்தன பேரு கடையில கேட்டாங்க, இது ஒரிஜினல் ஜரிகையான்னு!" என்றார். "அவங்கள எல்லாம் இங்க கூட்டியாந்து காட்டணும் போல இருக்குதே!"

முதலில் சிரித்தவர் வள்ளி. பிறகு அம்மையாரே சிரித்தார்; அந்தக் குரல் எதிர்மலை வரை கேட்டிருக்கும். அண்ணாமலை மட்டும் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றார்.

"உனக்குக் கட்டிக்கத்தான்டா குடுத்தேன், கூறுகெட்டவனே. காரு இன்னா, மாப்பிள்ளையா?"

சிரிப்பு அடங்கியது, பெட்டிகளின் கேள்வி அடங்கவில்லை. எளிய வழி ஒன்றைச் சொன்னேன்: காரைப் பழையபடி பலாமரத்தடியில் நிறுத்தலாம். அம்மையார் தலையசைத்து மறுத்தார்.

"எங்க அப்பா வடக்கனந்தல்லருந்து நடந்து வந்து இந்தக் களத்துல புளி மூட்ட தூக்கினவரு, மாஸ்டர். அப்ப இது வேற ஆளோட களம். அவரு ஒக்காந்து மூச்சு வாங்கினது அதோ, அந்தக் கல்லு. கார வாங்கும்போதே இது இங்கதான் நிக்கணும்னு எனக்கு ஆசை. வாயத் தொறந்து சொல்லல. இவனா வந்து களத்துல நிறுத்துங்கன்னு சொன்னப்போ எனக்கு எப்படி இருந்திச்சு தெரியுமா? எடத்த மாத்த மாட்டேன்."

அண்ணாமலை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"எடத்த மாத்த வேணாம்மா" என்றார் வள்ளி. "பொட்டிய தூக்கிப் பக்கத்துல எங்கனா வெச்சா பூச்சிங்க பழைய எடத்துக்கே வந்து சுத்திகினு கெடக்கும். ஆனா வாசல தெனம் கொஞ்சமா திருப்பிகினு வந்தா அதுங்களுக்கே தெரியாது. களத்துப் பக்கம் ஆளுயரத்துக்கு மூங்கில் தட்டி கட்டிடறேன். தட்டிய கண்டா ஒசரக்க எழும்பி அந்தப் பக்கமா போயிடும்."

"அப்ப சொட்டே வுழாதா?"

"வுழும்மா. கம்மியா வுழும். மழ வுட்ட மறுநாளு கொஞ்சம் ஜாஸ்தி. இல்லன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

அந்த நேர்மை எனக்குத் துணிவு தந்தது. என் பங்குக்கு, விழும் சொட்டை அன்றன்றே ஈரத்துணியால் ஊறவைத்து எடுத்தால் வண்டிக்கு ஒரு கெடுதியும் வராது என்று உறுதி சொன்னேன்.

அம்மையார் பெட்டிகளையும் காரையும் தந்தை அமர்ந்த கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். "கார் மாஸ்டர்கிட்ட போவட்டும். கோடு எடுத்துட்டு வரட்டும். நீ வாசல திருப்பு. மழ முடியறவரைக்கும் பாப்பேன். அப்பவும் என் கார் அம்மை போட்ட மாதிரி இருந்துதுன்னா, வள்ளி, நீ என்ன ஒண்ணும் சொல்லக்கூடாது."

"சொல்ல மாட்டேம்மா."

பாத்திமா பையிலிருந்து மைக்ரோஃபைபர் துணிகளை எடுத்து அண்ணாமலையின் கையில் கொடுத்தார். ஊறவைப்பது எப்படி, ஒரே திசையில் எடுப்பது எப்படி, அழுக்கான பக்கத்தை மடித்துப் புதுப்பக்கத்தைக் கொண்டுவருவது எப்படி என்று செய்து காட்டினார். அவர் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது இன்னாங்க, குளிக்கிற துண்டு மாரி இருக்குது. இதுக்கா மரியாத?" என்றார்.

5. விட்டுவைத்த கோடு

கார் பட்டறைக்கு வந்தது. கழுவி, ஒட்டிய துகளை எடுக்கும் களிமண் கட்டியான கிளே பார் ஓட்டி, கேஜ் வைத்து அளந்தோம். பானெட்டின் நடுப்பரப்பில் படலம் போதுமான கனத்தில் இருந்தது. பழைய கோட்டிங்கை எடுத்து, எந்திரத்தில் மென்மையான பஞ்சுப் பேடில் தொடங்கி, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் காம்பவுண்டின் வீரியத்தைக் கூட்டினோம். ஜரிகைக் கோடுகள் பட்டை பட்டையாக மறைந்தன. இத்தொழிலில் இதற்கு இணையான மகிழ்ச்சி இல்லை: எந்திரம் ஓடிய பாதையில் நிறம் திறந்துகொள்வதைக் காண்பது.

ஒரே ஒரு கோடு மட்டும் எஞ்சியது. பானெட்டின் இடது ஓரம், உடல் மடிந்து இறங்கும் விளிம்பில். விளிம்புகளில் படலம் எப்போதும் மெலிந்திருக்கும். கேஜ் காட்டிய அளவைப் பார்த்துப் பாத்திமா எந்திரத்தை நிறுத்தினார்.

"இன்னொரு பாஸ் போட்டா போயிடும் மாஸ்டர். ஆனா படலமும் சேந்து போயிடும்."

"விட்டுடு" என்றேன்.

அம்மையாரிடம் அதைக் காட்டி, காரணத்தையும் சொன்னேன். கீறலில்லாத பரப்பைவிடப் படலமுள்ள பரப்பு மேலானது. ஒரு கோட்டுக்காக அடியிலுள்ள நிறத்தை வெயிலுக்குத் திறந்துவிடக் கூடாது. அவர் விளிம்பருகே குனிந்து பார்த்துவிட்டு, "கடை முத்திரை மாதிரி இருக்கட்டும், வுடுங்க" என்றார். அதன் மேலேயே செராமிக் பூசி, லாம்பு வைத்துக் காயவிட்டு அனுப்பினோம்.

அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. காரை ஒப்படைக்கும்போது உரிமையாளரிடம் மட்டும் பேசி முடிப்பதில்லை. இது எங்கே நிற்கும், மேலே என்ன பறக்கும், யார் துடைப்பார், எதனால் துடைப்பார் என்று கேட்கிறோம். துடைப்பவர் ஓட்டுநராயினும் காவலராயினும் வீட்டுப் பெண்ணாயினும், அவரை வரவழைத்து, அவர் கையில் துணியைக் கொடுத்து, அவர் துடைப்பதைப் பார்த்த பிறகே சாவியைத் தருகிறோம். பூச்சு எங்கள் கையில் ஒரு நாள்தான் இருக்கிறது. பிறகு அது வாழ்வதெல்லாம் அவர் கையில். எந்தக் கையும் கெடுக்க வேண்டும் என்று துடைப்பதில்லை. பல வேளைகளில் மிகுந்த மரியாதைதான் மிகுந்த கீறலைப் போடுகிறது. கறைக்குக் காரணம் சொல்லும்போது பாதிக் காரணத்தோடு நிறுத்தக் கூடாது என்பதையும் அந்தக் களத்தில்தான் கற்றேன். பாதிக் காரணம் யாராவது ஒருவர் தலையில் போய் விழும். முழுக் காரணத்தில் பெரும்பாலும் எல்லோருக்கும் இடம் இருக்கும்.

மழைக்காலம் முடிந்து கார் பராமரிப்புக்காக வந்தது. முன்னிருக்கையிலிருந்து அண்ணாமலை இறங்கினார். தோளில் துண்டு போட்டிருக்கிறார் என்று பார்த்தால், அது நாங்கள் கொடுத்த மைக்ரோஃபைபர் துணி. இடுப்பில், ஜரிகைக் கரை பளிச்சிட, அந்தப் பட்டு வேட்டி. துவைத்து இஸ்திரி போட்டிருந்தது.

"அண்ணே, மாடு மெரளலயா?" என்றார் பாத்திமா.

"பழகிடுச்சிங்க."

கூரையில் தேடித்தான் சில மஞ்சள் சொட்டுகளைக் காண முடிந்தது. "காத்தால வெயிலு அடிச்சிது. வர்ற அவசரத்துல வுட்டுட்டேன்" என்று சொல்லி, அண்ணாமலை தாமே துணியை நனைத்து, விரித்து, ஊறும்வரை கைகட்டி நின்று, ஒரே திசையில் எடுத்தார். ஜெசிந்தா அம்மையார் அதைப் பார்த்துக்கொண்டே, "வாசல் எல்லாம் இப்ப வேலிக்கு அந்தப் பக்கம் திரும்பிடுச்சு மாஸ்டர். இன்னும் ரெண்டு பொட்டி வெக்கட்டுமான்னு கேக்கறா வள்ளி. வெச்சுக்கோன்னுட்டேன்" என்றார்.

நான் சோதனை விளக்கை எடுத்துப் பானெட்டைப் பார்வையிட்டேன். நடுப்பரப்பு குளத்து நீர்போலத் தெளிந்திருந்தது. ஒரு வட்டக்கீறலும் இல்லை. விளக்கு இடது ஓரத்துக்கு வந்தபோது என் கை பழக்கத்தால் நின்றது. அண்ணாமலை விரைந்து வந்து விளிம்புக்கும் விளக்குக்கும் நடுவில் கையை நீட்டினார்.

"சார், அத்த வுட்டுட்டு மத்தத பாருங்க" என்றார். "அது என்னுது."